ஒரு விமானத்தை வழியனுப்ப எத்தனை பெட்டிகள் வேண்டும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு பராமரிப்புக் கூடத்தின் பின்னறையில், பன்னிரண்டு ஆண்டுகள் பறந்த ஒரு சிறிய விமானத்தின் வரலாறு முழுவதும் நூற்று எண்பது அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. குத்தகை முடிந்து விமானத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்க ஒன்பது நாள்களே இருந்தபோது, அவர்கள் அனுப்பிய ஆய்வாளர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இடப்பக்க லேண்டிங் கியரில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் காலில், பொருத்தப்பட்டிருந்த ஓர் எஃகு அச்சாணியின் வரிசை எண் 41 என்று முடிந்தது. அதற்காக நாங்கள் கொடுத்திருந்த சான்றிதழிலோ 14 என்று இருந்தது. இந்த அச்சாணி எங்கே உருவானது, இதுவரை எத்தனை முறை தரையிறங்கியது என்பதற்குத் தொடர்ச்சியான பதிவைக் காட்டாவிட்டால் விமானத்தை ஏற்க முடியாது என்று அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அச்சாணியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆயுள் வரம்பு விதிக்கப்பட்ட பாகங்களின் மதிப்பு உலோகத்தில் பாதி, தாளில் பாதி. தாள் இல்லையென்றால் அது எத்தனை ஆயிரம் முறை பாரம் தாங்கியது என்று எவருக்கும் தெரியாது. தெரியாத பாகத்தை எந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமும் பறக்க விடாது. மாற்று அச்சாணி உடனே கிடைக்கவில்லை. ஒப்படைக்கும் தேதி தாண்டிய பிறகும் குத்தகைப் பணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். பல ஒப்பந்தங்களில் வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாகவே ஏறும். அந்த விமானம் இருபத்து மூன்று நாள்கள் கூடத்துக்கு வெளியே சும்மா நின்றது. நான் அப்போது பணியாற்றிய ஒப்பந்த நிறுவனத்தின் பெயரோ அந்த விமான நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை. பிழை எவருக்கும் நேரக்கூடியது. அந்தப் பதிவேடுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன்.

தொழில்நுட்பப் பயிலகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் விமானப் பராமரிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னிடம் வழிகேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் புதிய விமானங்களைப் பற்றித்தான். புதிய விமானம் வந்திறங்கும்போது தண்ணீர் பீய்ச்சி வரவேற்கும் படம் செய்தித்தாளில் வருகிறது. பழைய விமானம் எப்படிப் போகிறது என்பதை எவரும் படமெடுப்பதில்லை. ஆனால் ஒரு விமானக் குழுமம் தன் அணியைப் புதுப்பிக்கும் வேலையில் கடினமான பாதி, போகும் வழியில்தான் இருக்கிறது.

என் தந்தை பாய லேபார் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். 1981 ஜூலையில் சாங்கி திறக்கப்பட்டபோது அவரும் அங்கே மாறினார். நேற்று வந்த மாதிரி இருக்கும் விமானத்தை ஏன் விற்றுவிடுகிறார்கள் என்று அவர் வீட்டில் வியந்து பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கான விடையை நான் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிரிந்து 1972 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனித்துப் பறக்கத் தொடங்கியபோது அதனிடம் 10 விமானங்கள் இருந்தன. உள்நாட்டுத் தடம் என்று ஒன்றுகூட இல்லை. தன் மண்ணில் உத்தரவாதமான பயணிகள் இல்லாத நிறுவனம், முதல் நாளிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. புதிய விமானம் எரிபொருளை மிச்சப்படுத்தும், பழுதாகி நிற்பது குறையும், பயணியும் விரும்பி ஏறுவார். அதோடு, பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்கு முன்பே, சந்தையில் நல்ல விலை இருக்கும்போதே கைமாற்றிவிட்டால் அடுத்த விமானத்துக்கு அந்தப் பணம் உதவும். இன்று 200ஐ ஒட்டிய எண்ணிக்கையில் இருக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழும விமானங்களுடைய சராசரி வயது, அண்மை ஆண்டுகளில் ஏழு எட்டு ஆண்டுகள் என்ற அளவிலேயே இருந்துவருகிறது.

வயது என்ற சொல்லை இங்கே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். என் சித்தப்பா குடும்பம் திருச்சிக்குப் போய் வந்தால், முன்னிருக்கையில் மடிக்கும் மேசை ஆடியது, பிளேன் ரொம்பப் பழசு என்பார்கள். பார்த்தால் அந்த விமானம் நான்கு வயதுப் பிள்ளையாக இருக்கும். நாங்கள் வயதை மூன்று வகையில் எண்ணுகிறோம்: ஆண்டு, பறந்த மணி, ஏறி இறங்கிய முறை. கடைசியாகச் சொன்னதை சைக்கிள் என்போம். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விமானத்தின் உடல் காற்றழுத்தத்தால் பலூனைப் போல் மிகச் சிறிதளவு விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நாள் முழுவதும் போய்வரும் விமானம், லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கும் விமானத்தைவிட ஆண்டுகளில் இளையதாக இருந்தாலும் சைக்கிளில் பல மடங்கு மூத்ததாக இருக்கும். எஞ்சினுக்குள் சுழலும் வட்டுகளும் லேண்டிங் கியரின் அச்சாணிகளும் சைக்கிளைத்தான் பார்க்கின்றன. இருக்கையும் மேசையும் பயணிகளின் முழங்காலையும் பிள்ளைகளின் கையையும் பார்க்கின்றன.

ஆகவே விமானத்தின் உடல் ஒரு கணக்கிலும் அதன் உள்ளறை வேறு கணக்கிலும் முதுமை அடைகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2024 நவம்பரில் 41 ஏர்பஸ் ஏ350-900 விமானங்களின் உள்ளறைகளை 1.1 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவில் மாற்றப்போவதாக அறிவித்தபோது, புதிய விமானத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அந்த 41இல் ஏழு, நியூயார்க் வரை இடைநில்லாமல் பறக்கும் வகை. உடலும் எஞ்சினும் இன்னும் பல ஆண்டு உழைக்கும். இருக்கைதான் போட்டியாளரின் இருக்கைக்குப் பின்தங்கிவிடுகிறது. வெளியாள் நினைப்பதுபோல் இது சோபா மாற்றும் வேலையன்று. ஒரு விமான இருக்கை பதினாறு மடங்கு ஈர்ப்பு விசையில் முன்னோக்கி வீசப்பட்டாலும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது, அதன் துணி தீப்பற்றிப் பரவக்கூடாது, அதன் மின்கம்பி விமானத்தின் மற்ற மின்சுற்றுகளைக் குழப்பக்கூடாது. இவை ஒவ்வொன்றும் சோதித்துச் சான்று பெற்ற பிறகே இருக்கை உள்ளே வரும். உலகம் முழுவதற்கும் இத்தகைய இருக்கை செய்யும் நிறுவனங்கள் ஒரு கைப்பிடிதான். விமானம் தயாராக நிற்க, இருக்கைக்காகக் காத்திருந்த வேலைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் கை மதிப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடம், இரண்டு அடுக்கு கொண்ட பெரிய ஏர்பஸ் ஏ380. 2007 அக்டோபர் 25 அன்று சிட்னிக்குப் பறந்து, உலகின் முதல் ஏ380 வர்த்தகப் பயணத்தை முடித்த விமானத்தின் பதிவெண் 9வி-எஸ்கேஏ. பத்தாண்டுக் குத்தகை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உரிமையாளரான ஜெர்மானிய முதலீட்டு நிறுவனத்துக்கு மறுகுத்தகைக்கு ஆள் கிடைக்கவில்லை. பிரான்சின் தெற்கே தார்ப் நகரில் அதையும் அதன் அடுத்த உடன்பிறப்பையும் பாகம் பாகமாகப் பிரித்தார்கள். பத்து வயது, அப்பழுக்கற்ற பராமரிப்பு, முழுமையான பதிவேடுகள். இருந்தும் வாங்குவதற்கு ஆளில்லை. அந்த அளவுள்ள விமானத்தை நிரப்பக்கூடிய நிறுவனங்கள் உலகில் மிகக் குறைவு. அதே காலத்துப் போயிங் 777 ஒன்றோ ஏ320 ஒன்றோ என்றால் பத்து நாடுகளிலிருந்து விசாரித்திருப்பார்கள்.

இங்கே குத்தகை எடுத்தவர் தப்பித்தார், உரிமையாளர் மாட்டிக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தமாக வாங்கினால் நீண்ட காலத்தில் மலிவு, விற்கும் ஆபத்து நம்முடையது. குத்தகைக்கு எடுத்தால் மாத வாடகை கூடுதல், ஆனால் தேதி வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். எனவேதான் பெரிய குழுமங்கள் இரண்டையும் கலந்து வைக்கின்றன. (இந்தக் குத்தகைத் தொழிலில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1993இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஓர் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய குத்தகை நிறுவனத்தை 2006இல் பேங்க் ஆஃப் சைனா வாங்கியது. பிஓசி ஏவியேஷன் என்ற பெயரில் அது இன்றும் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.)

சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம் என்று எழுதிவிட்டேன். நடப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. விமானத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர முடியாது, ஆகவே எந்த நிலையில் தர வேண்டும் என்று ஒப்பந்தம் விரிவாகச் சொல்லும்: அடுத்த பெரிய பரிசோதனைக்கு இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், எஞ்சினின் ஒவ்வொரு வட்டுக்கும் இத்தனை சைக்கிள் பாக்கி இருக்க வேண்டும், எஞ்சினுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும்போது இன்ன அளவுக்கு மேல் தேய்வு இருக்கக்கூடாது. உணவு வண்டி இடித்த நசுங்கல்கள்கூட ஒவ்வொன்றும் அளக்கப்பட்டு, விமானத்தின் படத்தில் இடம் குறிக்கப்பட்டு, எந்த விதியின்படி அனுமதிக்கப்பட்டது என்ற குறிப்போடு இருக்க வேண்டும். ஒருமுறை கதவுக்கருகே விரல்நுனி அளவிலான ஒரு நசுங்கலுக்குக் குறிப்பு இல்லாமல், அதை அளக்கவும் தயாரிப்பாளரின் கருத்தைப் பெறவும் நான்கு நாள் செலவிட்டோம். அது எப்போது விழுந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

என் அனுபவத்தில், ஒப்படைக்கும் தேதிக்கு ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நம்பிய எந்த நிர்வாகியும் முடித்து நான் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தின் திரும்ப ஒப்படைக்கும் பகுதியைச் சட்டப் பிரிவினர் படித்துவிட்டார்கள் என்று பொறியாளர் விட்டுவிடக்கூடாது. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் ஒரு வேலையாணை.

2020ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதன் துணை நிறுவனமான சில்க்ஏரையும் சேர்த்து, 147 விமானங்களில் 138ஐயும், குழுமத்தின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் தன் 49இல் 47ஐயும் தரையில் நிறுத்துவதாக அறிவித்தன. சாங்கியில் நிறுத்த இடம் போதவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊரின் ஈரக் காற்று. நிற்கும் விமானத்துக்கு வேலை குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் எங்களோடு இருந்திருக்க வேண்டும். எஞ்சின் வாய்களை மூடி ஈரம் உறிஞ்சும் பைகளை வைத்தோம். சக்கரங்கள் ஒரே இடத்தில் அழுந்தாதபடி அவ்வப்போது உருட்டினோம். எரிபொருள் தொட்டியில் பாசிபோல் படரும் நுண்ணுயிரைத் தடுக்க மருந்து கலந்தோம். வேகத்தை அளக்கும் சிறு குழாய்களில் குளவி கூடு கட்டாமல் உறையிட்டோம். பிறகு பல விமானங்கள் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்துக்குப் போயின, அங்கே காற்று வறண்டது. மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்த என் குழுவினர் இருவர் எல்லை மூடியதால் இங்கேயே மாதக்கணக்கில் தங்கிவிட்டார்கள்.

அந்த நவம்பரில் குழுமம் 26 பழைய விமானங்கள் இனித் தேவையில்லை என்று அறிவித்தது. அவற்றில் ஏழு ஏ380. இவற்றின் கணக்கு மதிப்பைக் குறைத்ததில் மட்டும் 1.33 பில்லியன் வெள்ளி போனது. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் ஆதரவோடு பங்குதாரர்களிடமிருந்து அதற்கு முன்பே 8.8 பில்லியன் வெள்ளி திரட்டியிருக்காவிட்டால், புதிய விமானங்களுக்கான தவணைகளைத் தொடர்ந்து கட்டியிருக்க முடியுமா என்பது ஐயமே. அந்த நெருக்கடியிலும் புதியவற்றை முழுக்க ரத்துசெய்யாமல் தயாரிப்பாளர்களோடு பேசித் தள்ளிப்போட்டது என் பார்வையில் நல்ல முடிவு. வரிசையில் ஒருமுறை இடத்தை விட்டால் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

வரிசையில் நிற்பதும் சுகமில்லைதான். 2017இல் ஆணையிட்ட போயிங் 777-9 விமானங்கள் இந்தப் பத்தாண்டின் தொடக்கத்திலேயே பறந்திருக்க வேண்டியவை. முதல் விநியோகம் 2027க்குத் தள்ளிப்போயிருப்பதாக போயிங் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆகவே போக வேண்டிய 777-300இஆர் விமானங்கள் போகாமல் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. எட்டாம் ஆண்டில் விற்றுவிடுவோம் என்று திட்டமிட்டுப் பராமரித்த விமானத்தைப் பதினைந்தாம் ஆண்டு வரை ஓட்டுவது வேறு கணக்கு: நாம் பார்க்கவே நினைக்காத பெரிய பரிசோதனை வருகிறது, லேண்டிங் கியரைக் கழற்றிப் புதுப்பிக்கும் முறை வருகிறது, அரிப்பு தேடும் இடங்கள் கூடுகின்றன. புதுப்பித்தல் திட்டம் எழுதுபவர்கள் பழைய விமானத்துக்கும் இரண்டு மூன்று ஆண்டு கூடுதல் உயிரை வைத்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

புதிதாக வந்துவிட்டாலும் பறக்கும் என்று உறுதியில்லை. 2019 ஏப்ரலில் புத்தம்புது 787-10 விமானங்கள் இரண்டு, எஞ்சின் தகடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்ந்ததால் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய மாதம்தான் 737 மேக்ஸ் விமானங்களைச் சிங்கப்பூர் ஆணையம் தடுத்திருந்தது. சில்க்ஏர் வைத்திருந்த ஆறும் நின்றன. 2023இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் பாகங்களைச் செய்யும் உலோகத்தூளில் கலந்திருந்த மாசு தெரியவந்தபோது, ஏ320நியோ வைத்திருக்கும் உலக நிறுவனங்கள் பலவற்றோடு ஸ்கூட்டும் சிக்கியது. எஞ்சின் பணிமனைகள் லோயாங்கில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் அங்கே நுழைய உலகமே வரிசையில் நிற்கும்போது அருகில் இருப்பதால் முன்னுரிமை கிடைப்பதில்லை. புதிய தொழில்நுட்பத்தை முதல் ஆளாக வாங்குபவர் எரிபொருளில் கால்பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். கூடவே மாற்று எஞ்சின்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

ஒரு குழுமத்துக்குள்ளேயே விமானம் கைமாறுவது வெளியே விற்பதைவிட எளிது என்று நினைத்திருந்தேன். ஸ்கூட் 2012இல் தொடங்கியபோது தாய் நிறுவனத்தின் 777-200இஆர் விமானங்களோடுதான் தொடங்கியது. 2015இலிருந்து 787 வந்து அவற்றை விடுவித்தது. சில்க்ஏரின் 737-800 விமானங்கள் 2021இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு மாறின. செய்தியில் இது வண்ணம் பூசுவதுபோல் தெரியும். இத்தகைய மாற்றம் ஒன்றில், வேறொரு நிறுவனத்துக்காக, நான் பணிபுரிந்திருக்கிறேன். இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லப்பட்ட இரண்டு விமானங்களில் ஒன்றில் சமையல் அறையின் மின்கம்பி வேறு வழியாகப் போயிருந்தது, ஆக்சிஜன் குப்பிகளின் இடம் வேறு, அவசரக் கையேட்டின் படம் வேறு. ஒரு நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டத்தில் 18 மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்த வேலை இன்னொன்றில் 24 மாதம். இடையில் மாறினால் எந்தக் கணக்கு என்று ஆணையத்திடம் முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். வகைகள் கூடக்கூட உதிரிபாகக் கிடங்கும் பயிற்சியும் பெருகும் என்பதால்தான், 2024இல் ஸ்கூட் 112 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் விமானங்கள் ஒன்பதை எடுக்க முனைந்தபோது எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. தாய்லாந்தின் கிராபி, ஹட் யாய் போன்ற ஊர்களுக்கு 180 இருக்கை விமானத்தைப் பாதி காலியாக அனுப்புவதைவிட அது மேல் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இத்துறைக்கு வரும் இளையருக்கு நான் சொல்வது சிலதான். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கான எஸ்ஏஆர்-66 உரிமத்தை ஒரு வகை விமானத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த வகை ஊரைவிட்டுப் போகும் நாளில் உங்கள் வேலையும் கூடவே போகலாம். ஏ340-500 விமானங்கள் 2013இல் விடைபெற்றபோது அதை மட்டுமே நம்பியிருந்தவர்களைப் பார்த்தேன். பாகம் கிடங்குக்கு வரும்போதே சான்றிதழின் எண்ணையும் பாகத்தில் பொறித்த எண்ணையும் உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். பொருத்திய பிறகு அந்த எண் எண்ணெய்க்கும் மூடிக்கும் பின்னால் போய்விடும். பதிவை அன்றைய பணி முறை முடிவதற்குள் எழுதுங்கள்.

அச்சாணிக்கு வருகிறேன். இருபத்தோராம் நாள், ஓய்வுபெற்ற கிடங்கு அண்ணன் ஒருவரைச் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் தேநீரோடு பிடித்தேன். "தம்பி, அந்த வாரம் ரெண்டு பிளேனுக்கும் கியர் ஒரே லாரியில வந்துச்சு. மற்றதோட பெட்டியப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. மற்ற விமானத்தின் பெட்டியில், 41 என்று முடியும் சான்றிதழ் எட்டு ஆண்டுகளாகப் பத்திரமாக இருந்தது; அந்த விமானத்தில் 14. இரண்டு தாள்களும் இடம் மாறியிருந்தன, இரண்டு விமானங்களும் இத்தனை ஆண்டு ஒன்றன் அச்சாணிக்கு மற்றதன் தாளை வைத்துக்கொண்டு பறந்திருக்கின்றன. இரண்டும் ஒரே வயது, ஒரே அளவு சைக்கிள் என்பதால் பாதுகாப்புக்கு ஊறு நேரவில்லை.

மாற்று விமானம் அடுத்த மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. வரவேற்பு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பயிற்சியில் இருந்த பெண் பிள்ளை ஒருத்தியும் நானும் கைவிளக்கோடு லேண்டிங் கியருக்கு அடியில் புகுந்து, பொறித்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தாளோடு ஒப்பிட்டோம். இரவு ஒன்பது மணிக்குள் மூன்று எண்கள் பொருந்தவில்லை. அன்றே தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினோம்.